கூப்பிடாத பேருக்கு ஓர் இருமல்

என் மகன் மாரிமுத்துவுக்கு, சாஆ பக்கத்துத் தோட்டத்திலிருந்து அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி அடித்துவிட்டேன். உன் நலம் எனக்குத் தெரிந்துவிட்டதப்பா. துணிமூட்டை பாய் நேற்று இங்கே வந்தார். கைலியை விரித்துக் காட்டுவதற்கு முன்னால் உன்னை விரித்துக் காட்டிவிட்டார். ரெங்கத்து ரப்பர் தோட்டத்தில் நீ அடிவயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பால்மரம் வெட்டப் போகிறாயாம். பால் வாளியை ஒரு கையால் தூக்கினால் இன்னொரு கை வயிற்றைப் பிடித்துக்கொள்ளப் போய்விடுகிறதாம். குடல் இறங்கியிருக்கிறது, ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் போய் ஆப்பரேஷன் செய்துகொள், அதற்குப் பிறகும் சில மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று தோட்டத்து டிரஸ்ஸர் சொல்லிவிட்டாராம். அதற்கு நீ, "அவ்ளோ நாள் படுத்தா பேர வெட்டிடுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வாளியைத் தூக்கினாயாம்.

"எம்மவன் அப்படியா சொன்னான், பாய்?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் சொன்னாப்ல, தங்கச்சி. வெளியில யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாப்ல."

"பின்ன எங்கிட்ட சொல்றீங்க?"

"நீ வெளியிலயா இருக்க? வீட்டுக்குள்ளதானே உக்காந்திருக்க!"

அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும். நீதான் நன்றாக இல்லை. ரெங்கம் என்று பேர் வைத்த ஊரில் இருந்துகொண்டு படுக்கப் பயப்படுகிறவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தானடா. அக்கரையில் இருக்கிற ரங்கத்தில் பெருமாள் காலங்காலமாகப் படுத்தேதான் கிடக்கிறார். அவர் பேரை எந்தக் கங்காணி வெட்டினான்? சிரிக்காதே. சிரித்தால் உனக்கு வயிறு வலிக்கும். ஆனால் சிரிக்க வைக்காமல் எனக்குப் பேசத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் வயது வருவதற்கு முன்னாலேயே இந்தத் தோட்டத்தில் எனக்கு 'வாயாடி' என்று பேர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் பலருக்கு மறந்தே போய்விட்டது.

உன் பயம் வெறும் பயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கித்தாப் பால் விலை விழுந்தபோது கப்பல் கப்பலாக ஆட்களைத் திருப்பி அனுப்பியதை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். இருமினவன், நொண்டினவன், கண் மங்கினவன், அவர்கள் பேரைத்தான் முதலில் வெட்டினார்கள். பேர் போனால் வெட்டுகிற மர நிரை போகும், நிரை போனால் தோட்டம் தந்த லயத்து வீடு போகும். நீ அதை நினைத்துத்தான் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாய். வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்று நான்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நீ இப்படிப் புரிந்துகொள்வாய் என்று நினைக்கவில்லை.

இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறாயா? உன் தாத்தாவிடமிருந்து, அதாவது என் அப்பாவிடமிருந்து. அவர் உனக்கு விட்டுப்போனவை இரண்டு: அவர் பேர், அவர் குடலிறக்கம். அந்தக் கதையில் பாதியை நீ கேட்டிருக்கிறாய். உன் அப்பா பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் மீதியை நான் விழுங்கிவிடுவேன், அவருக்கு வெட்கம் வந்துவிடும் என்று. இப்போது முழுவதையும் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்காதே. லயத்து வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி. உங்கள் கங்காணி காதில் விழுந்தாலும் விழட்டும்.

அப்போது எனக்குப் பதினாறு வயதிருக்கும். அம்மா நான் சிறியவளாக இருக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் அப்பாவும் நானும்தான். அவர் பால்மரம் வெட்டினார், நான் பெண்களோடு சேர்ந்து புல் வெட்டினேன். தினமும் விடியுமுன் பெரட்டு. எல்லோரும் வரிசையாக நிற்க, கங்காணி அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பேர் பேராகக் கூப்பிடுவான். உன் தாத்தாவுக்குச் சுருட்டு இருமல். பேர் கூப்பிட்டதும் இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் பதில் வரும்: "க்ஹும்... க்ஹும்... இருக்கேன் சாமி." எனக்கு யார் குரலைக் கேட்டாலும் அது தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கங்காணி குரலில் பேசி அவன் பெண்டாட்டியைத் தண்ணிக் குழாயடியிலிருந்து ஓட வைத்திருக்கிறேன். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி மாதிரி மூக்கால் பேசி, ஆபீஸ் பையனை வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். அப்பா இருமல் எனக்குச் சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி. அவர் இருமுவதற்குள் நான் இருமிவிடுவேன். "நீயே இருமிடு புள்ள, எனக்கு நெஞ்சு வலி மிச்சம்" என்பார்.

அவரும் உன்னை மாதிரித்தான் துணியைக் கட்டிக்கொண்டு திரிந்தார். கேட்டால் வாயுப் பிடிப்பு என்பார். ஒருநாள் பால் வாளி இரண்டையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கியவர் நிமிரவே இல்லை. நிரையிலேயே சுருண்டுவிட்டார். மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று அங்கே சொன்னார்களாம். இந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்துக்கொள், மாரிமுத்து. இதில் விளையாட்டு இல்லை.

வயிற்றை அறுத்துத் தைத்தார்கள். ஆள் பிழைத்தார். அந்த நல்ல சேதியோடு வண்டிக்காரர் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். இங்கேதான் எங்களுக்கு வந்தது வினை. தோட்டத்தில் 'வெட்டு' என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை வேலை வாங்குகிறோம் பார். மரம் வெட்டு, புல் வெட்டு, வாய்க்கால் வெட்டு, பேர் வெட்டு. ஆஸ்பத்திரி போய் வந்தவர்களும் 'வயித்த வெட்டினாங்க' என்றுதான் சொல்வார்கள். வண்டிக்காரர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. செம்மண் சடக்கு ரோட்டில் இருந்தபடியே ஆபீஸைப் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்.

"கிராணி ஐயா! மாரிமுத்துக்கு வெட்டியாச்சுங்க!"

"வெட்டியாச்சா? யாரு வெட்டினது?" என்று கிராணி உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார்.

"தொரையே தன் கையால வெட்டினாருங்க!"

"எப்ப?"

"காலையிலதாங்க. இனிமே தொந்தரவே இருக்காதுன்னு சொல்லிட்டாருங்க!"

வண்டிக்காரர் சொன்னது டாக்டர் துரையை. கிராணிக்குத் தெரிந்த துரை ஒருவர்தான்: தோட்டத்து மானேஜர். துரையே வெட்டிவிட்டார், இனித் தொந்தரவு இல்லை என்றால் என்ன அர்த்தம்? செக்ரோல் பேர்ப் புத்தகத்தில் உன் தாத்தா பேர்மேல் ஒரு சிவப்புக் கோடு.

மறுநாள் பெரட்டில் நின்றேன். அப்பா நல்லபடியாகப் பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் எனக்கு வாய் அரித்துக்கொண்டிருந்தது. அவர் பேர் எப்போதும் கூட மரம் வெட்டுகிற காத்தான் பேருக்கு அடுத்து வரும். முந்தின நாள்கூடக் கங்காணி அவர் பேரைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரி" என்று தானே சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போனான். அன்றைக்குக் காத்தான் பதில் சொன்னதும் அடுத்ததாக வேறு பேர் வந்தது. படியில் கால் வைக்கப் போய் அங்கே படியே இல்லாத மாதிரி இருந்தது எனக்கு. தொண்டை தானாகவே வேலை செய்துவிட்டது.

"க்ஹும்... க்ஹும்... இருக்கேன் சாமி."

வரிசை முழுக்கச் சிரித்தது. கங்காணி விளக்கைத் தூக்கினான். "எவன்டா அது, கூப்பிடாத பேருக்குப் பதில் சொல்றவன்?"

"பதில் இருக்கிற பேர கூப்பிடாம விட்டது யாருங்க சாமி?"

"ஏய் வாயாடி! ஒங்கப்பன் பேர வெட்டியாச்சு."

"வயித்தத்தானே வெட்டப் போனாரு? பேர யாரு வெட்டச் சொன்னா? மரத்த வெட்டினா பால் வரும், வயித்த வெட்டினா உசுரு வரும், பேர வெட்டினா ஒங்களுக்கு என்னா வரும்?"

"எனக்குப் புது ஆளு வந்திருக்கான். ஒங்கப்பன் நிரை அவனுக்கு. சம்பள நாளுக்குள்ள வீட்டையும் ஒழிச்சுக் குடுத்துடு. பேர் இல்லாத ஆளுக்கு லயத்துல வீடு கெடையாது."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். ஆபீஸ் வாசலில் போய் நின்று, வண்டிக்காரர் சொன்னதை வரிக்கு வரி கிராணியிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் புரிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் துரையிடம் போய்த் தன் தப்பைச் சொல்ல வேண்டும். "செகப்பு மையில போட்ட கோட்ட எதால அழிக்கிறது, சொல்லு" என்றார். "அழிக்க வேணாங்க, பக்கத்துலயே கறுப்பு மையில இன்னொரு தடவ எழுதுங்க" என்றேன். "போ போ, புல்லு வெட்டப் போ" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கங்காணிக்கோ தான் கொண்டுவந்த ஆளுக்கு நிரை கிடைத்ததில் பரம திருப்தி.

எனக்கு வீடு போவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்தச் சேதி அப்பா காதுக்குப் போனால், தையல் காயாத வயிற்றோடு கட்டிலை விட்டு இறங்கி நடந்தே வந்து பெரட்டில் நிற்பார். அவர் அப்படிப்பட்ட ஆள். நீயும் அப்படிப்பட்ட ஆள்தான். அதனால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற ஒவ்வொருவரிடமும், "எங்கப்பாகிட்ட வாயத் தொறந்தீங்க, ஒங்க வீட்டுக் கதையெல்லாம் ஒங்க குரல்லயே பெரட்டுல சொல்லிடுவேன்" என்று சொல்லி அனுப்பினேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு கதை இருந்திருக்கிறது பார்.

அடுத்தது அந்தப் புது ஆள். அவரை ஓட்டினால் நிரை காலியாகும், நிரை காலியானால் அப்பா பேருக்கு இடம் இருக்கும். இதுதான் என் கணக்கு. ஆள் யார் என்று உனக்குத் தெரியும். அப்போது வாய் நிறையக் கூப்பிட்ட பேர்தான். அதை வைத்து நான் கட்டிய கேலிப்பாட்டு லயம் முழுக்கச் சுற்றியது. தாலி ஏறிய பிறகு அந்தப் பேரைச் சொல்லக் கூடாதாம், எழுதவும் கூடாதாம். ஆகவே இந்தக் கடிதத்தில் அவர் உன் அப்பா. கப்பலை விட்டு இறங்கினதும் எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். "சாஆ" என்றார்களாம். "நான் என்னாங்க தப்பு பண்ணேன், வந்ததும் வராததுமா சாகச் சொல்றீங்க?" என்று கேட்டாராம். அப்படிப்பட்ட அப்பாவி.

அவருடைய நிரைக்குப் பக்கத்தில்தான் எங்களுக்குப் புல் வெட்டு. மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அப்பா குரலில் இரண்டு தரம் இருமினேன். ஆள் கத்தியை எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. வேறு மரத்துக்குப் போனார், அங்கேயும் இருமினேன். முன்னே இந்த நிரையில் இருந்த ஆளின் ஆவி சுற்றுகிறது என்று நினைத்து ஓடட்டும் என்பது என் எண்ணம். அடுத்த நாள் ஓடுவதற்குப் பதிலாக, "யாருங்க அது? நெஞ்சுச் சளிங்களா?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டார். அதற்கடுத்த நாள் ஒரு கொட்டாங்கச்சியில் ஏதோ ஊற்றி வேரடியில் வைத்துவிட்டு, "சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட தண்ணிங்க. சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். பேய்க்குச் சுக்குத் தண்ணி வைத்த மனுஷனை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

என்னால் அதற்குமேல் ஒளிந்திருக்க முடியவில்லை. தண்ணியைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

"ஒங்களுக்குத்தான் இருமலாங்க?" என்றார்.

"எனக்கு இல்ல. எங்கப்பாவுக்கு. இது எங்கப்பா நிரை."

அவர் கையிலிருந்த கத்தி தாழ்ந்துவிட்டது. "அவர வெட்டியாச்சுன்னு சொன்னாங்களே. ஐயோ பாவம், எவனோ வெட்டிக் கொன்னுட்டான்னு நெனச்சேன்."

"அலமாக்! எங்கப்பா உசுரோட கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்காருய்யா! டாக்டர் வயித்த வெட்டினாரு, கிராணி பேர வெட்டினாரு, நீங்க இப்ப மரத்த வெட்டுறீங்க. ஆளுக்கொரு பக்கம் வெட்டினா எங்கப்பாவுல என்னா மிச்சம்?"

அவர் கத்தியைத் துணியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் திட்டின அத்தனைக்கும் தலையைக் குனிந்து நின்றார். சரி, இவரால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் பெரட்டு. காத்தான் பேர் போனது. அடுத்து கங்காணி உன் அப்பாவைக் கூப்பிட்டான். பதில் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஆள் முன்னாலேயே நிற்கிறார், கண்ணைத் திறந்துகொண்டுதான் நிற்கிறார். இன்னொரு தரம் கூப்பிட்டான். பதில் இல்லை.

"என்னடா, வாயில ஒட்டுப்பால் ஒட்டிக்கிச்சா?"

அப்போதுதான் உன் அப்பா பேசினார். "அந்த நிரைக்கு ஆளு இருக்குங்க. ஆஸ்பத்திரில இருக்குங்க. அவரு வர்ற வரைக்கும் நான் வெட்டுறேங்க, அவரு பேருல வெட்டுறேங்க. எம்பேர அதுல போடாதீங்க."

"அப்ப ஒனக்கு நிரை?"

"வேற எடம் இருக்கிறப்ப குடுங்க."

கங்காணிக்கு முகம் கறுத்தது. "நீ இல்லன்னா ஆளா இல்ல?" என்று சொல்லி, "காத்தான்! நீ எடுத்துக்கடா அந்த நிரைய" என்றான். காத்தானுக்கு இருந்த நிரை மேட்டு நிரை, என் அப்பாவுடையது சமநிலம். ஆசைப்படக்கூடிய நிரைதான். காத்தான் என்னைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார். பிறகு பதில் சொல்வதற்குப் பதிலாக, "க்ஹும்... க்ஹும்..." என்று இருமினார். கங்காணி அடுத்தவரைக் கூப்பிட்டான். அவரும் இருமினார். அதற்கப்புறம் அவன் கூப்பிடாதவர்களும் இருமத் தொடங்கினார்கள். புல் வெட்டுகிற பெண்கள் பக்கம் அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன். நல்ல இருமல், கெட்ட இருமல், கக்குவான் இருமல் என்று தோட்டமே அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் துரை சைக்கிளில் வந்து இறங்கினார். "என்னா இது? எல்லாம் இருமல்? என்னா நோய்?" என்று கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாகிவிடுமோ என்று அவருக்குப் பயம். கங்காணி விழித்தான். நான் முன்னால் வந்து, "மாரிமுத்து நோய்ங்க தொரை. நீங்க அவரு பேர வெட்டினதுல இருந்து எல்லாருக்கும் வந்துடுச்சுங்க" என்றேன்.

"நான்? நான் வெட்டலே!"

"தொரைதானுங்களே வெட்டினீங்கன்னு..." என்று இருமல் சத்தம் கேட்டு ஆபீஸிலிருந்து வந்த கிராணி இழுத்தார்.

"டாக்டர் தொரைங்க! வயித்தங்க!" என்று பின்னாலிருந்து வண்டிக்காரர் கத்தினார்.

துரை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கிராணி பக்கம் திரும்பினார். "நிரை காலி இருக்கக் கூடாது. யார் வெட்டுறது எனக்கு வேணாம், பால் வரணும். ஆள் வந்தா ஆளுக்கே குடு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான். அவர் நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு வேண்டியது பால், எங்களுக்கு வேண்டியது பேர். அந்த நிரையை எடுத்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் கிடைத்திருந்தால் போதும், துரை என் அப்பா பேரை ஞாபகம் வைத்திருக்கமாட்டார். ஒரு ஆளும் கிடைக்கவில்லை. உன் தாத்தா பேரைக் காப்பாற்றியது அதுதான்.

அதற்காகக் கங்காணி உன் அப்பாவைச் சும்மா விடவில்லை. காலையில் என் அப்பா நிரையை வெட்டிவிட்டு வந்தால், மத்தியானம் சேற்றில் வாய்க்கால் வெட்டப் போட்டான். மனுஷர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான்தான் அவருக்கும் சேர்த்து முணுமுணுத்தேன். மாலையில் சுக்குத் தண்ணி போட்டுக் கொண்டுபோய் அவர் வாசலில் வைப்பேன். மற்றதை நீயே யூகித்துக்கொள். பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற விஷயம் இல்லை.

இதோடு கதையை முடித்தால் உனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் தாத்தா தோட்டத்துக்குத் திரும்பியதும் செய்ததையும் கேள். இன்னும் கொஞ்ச காலம் பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். வந்தவர், தனக்காக வேறொருவன் வாளி தூக்குகிறான் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், ஒருநாள் உன் அப்பா அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றிவிட்டார். தையல் விட்டுவிட்டது. மறுபடி மாட்டு வண்டி, மறுபடி ஆஸ்பத்திரி, முதல் தடவையைவிட அதிக நாள். அப்போதும் பெரட்டில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். நான் இருமினேன், உன் அப்பா வெட்டினார். இரண்டாம் தடவை திரும்பி வந்தபோது தாத்தா திண்டாடித் திணறி என்னிடம் சொன்னது இதுதான்: "படுத்துக் கெடக்கிறதும் ஒரு வேலைதான் புள்ள. அத நான் அரைகுறையா செஞ்சுட்டேன்." அந்த வேலையை நீ முழுசாகச் செய். அதற்குப் பிறகு அவர் அந்த நிரையில் எத்தனையோ வருஷம் மரம் வெட்டினார். நீ பிறந்தபோது வேறு பேர் யோசிக்கவே இல்லை. சிவப்புக் கோடு போட்டும் விழாத பேரைத்தான் உனக்கு வைத்தோம். அதை நீயே விழ வைக்கப் பார்க்கிறாயே?

இப்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அது ஒங்க காலம்மா, இங்க எனக்காக யாரு இருமுவா?" நீ யாரிடமாவது கேட்டுப் பார்த்தாயா? துணியை வேட்டிக்குள் மறைத்துக் கட்டினால் பக்கத்து நிரைக்காரனுக்கு எப்படித் தெரியும்? துணிமூட்டை பாய்க்குத் தெரிந்தது உன் பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை. தாத்தாவும் மறைத்துதான் வைத்திருந்தார். சுருண்டு விழுந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெரட்டில், எல்லோரும் நிற்கும்போது, உன் பேர் கூப்பிட்டதும், நீயே உன் வாயால் சொல்: ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், இவ்வளவு காலம் ஆகும், என் நிரை காலியாக இருக்காது, திரும்பி வருவேன். வண்டிக்காரர் வாயில் சேதி அனுப்பாதே. இன்னொன்று: 'வயித்த வெட்டிக்கப் போறேன்' என்று மறந்தும் சொல்லாதே. 'வயித்தத் தச்சுக்கப் போறேன்' என்று சொல். வெட்டு என்றால் எந்தக் கிராணிக்கும் கை துறுதுறுக்கும். தையல் என்றால் ஒன்றும் செய்யத் தோன்றாது.

உன் நிரை காலியாக இருக்காது என்று சும்மா எழுதவில்லை. கடிதத்தை எழுதத் தொடங்கும்போதே உன் அப்பா வெட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டத் தொடங்கிவிட்டார். "என்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். "பையன் நிரைய ரெண்டு மூணு மாசம் பாத்துக்கணும்ல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இங்கே அவருடைய நிரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். காத்தான் மகன் நேற்றே வந்து கேட்டுவிட்டுப் போனானாம். பார்த்தாயா, பாய் உன்னை என்னிடம் மட்டும் விரித்துக் காட்டவில்லை.

வயதாகிவிட்டதே, வாளி தூக்குவாரா என்று நீ கவலைப்பட வேண்டாம். உன்னைவிட நன்றாகத் தூக்குவார். அவருக்கு இரண்டு கையும் வாளிக்குத்தான். உங்கள் கங்காணி முறைத்தால் அவர் தலையைக் குனிந்து கத்தியைத் துடைப்பார். அந்த மௌனத்தை அசைக்க இன்னும் ஒரு கங்காணி பிறக்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவரிடம் குறை. பேர் கூப்பிட்டால் அவருக்குப் பதில் சொல்ல வராது. அதிலும் அவருடைய மாமனார் பேராகவும் மகன் பேராகவும் இருக்கிற பேரைக் கூப்பிட்டால் மறுபடி கத்தியைத்தான் துடைப்பார்.

நீ குணமாகி எழுந்த பிறகு எனக்காக ஒன்று செய்ய வேண்டும். உன் தோட்டத்தில் யாராவது இப்படிப் படுத்து, அவனுடைய நல்ல நிரையை உன்னிடம் நீட்டுவார்கள். அன்றைக்கு உன் அப்பா மகனாக நில். உனக்கு இருமத் தெரியாவிட்டால் வாயையாவது மூடிக்கொண்டு நில், அதுவே போதும்.

கடிதம் கிடைத்த அன்றே டிரஸ்ஸரிடம் போய்ச் சீட்டு வாங்கு. மறுநாள் பெரட்டில் சொல். அதற்கடுத்த ரயிலில் ஜொகூர் பாருவுக்குப் போ. நீ ஏறுகிற ரயில் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் ரயில் ரெங்கத்துக்கு வந்துவிடும். எங்கள் ரயிலா? ஆமாம், நானும்தான் வருகிறேன். உன் அப்பா மரம் வெட்டட்டும். உன் குரல் எனக்கு வரும். நீ பிறந்த அன்றைக்கு முதலில் கேட்டவளே நான்தான். விடியுமுன் உங்கள் கங்காணி விளக்கைத் தூக்கிப் பிடித்து, "மாரிமுத்து!" என்று கூப்பிடட்டும். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிரு.

க்ஹும்... க்ஹும்... இருக்கேன் சாமி.